சாவியை எடுத்தது யார்? மாணவர் கதைகளில் உரையாடல் எழுதுவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடக்கூடிய ஓர் ஊர். ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் இங்கே தேவையில்லை. நகரத்தார் குடும்பம் ஒன்று பல தலைமுறைக்கு முன் தொடங்கிய பள்ளி அது. இப்போது அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. 6 முதல் 10 வரை வகுப்புகள். படிக்கிற பிள்ளைகளில் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் மிகக் குறைவு. அந்தக் குடும்பங்கள் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்பவர்கள், விசேஷ வீடுகளுக்குச் சமையலுக்குப் போகிறவர்கள், ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர்கள், இவர்கள் வீட்டுப் பிள்ளைகளே அதிகம்.

அந்த ஆண்டுப் பள்ளி மலருக்கு 9ஆம் வகுப்பிலிருந்து கதைகள் கேட்கப்பட்டன. வீட்டில் இருக்கும் தாத்தா, அப்பத்தாவிடம் ஊர் வீடுகளைப் பற்றி ஒரு பழைய சம்பவத்தைக் கேட்டு, அதைக் கதையாக எழுதி வர வேண்டும். மலரை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வகுப்பு எடுத்தவர் தமிழாசிரியை ஒருவர். ஓய்வு பெறும் காலத்தை நெருங்கிய மூத்த தமிழையா ஒருவரும், ஆங்கில ஆசிரியர் ஒருவரும் குழுவில் இருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு நிறுத்தக்குறிகள் புதிதல்ல. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிப்பார்கள். நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியையும் செய்திருக்கிறார்கள்: மேற்கோள் குறியை எடுத்துவிட்டு, ‘நான்’ என்பதைத் ‘தான்’ ஆக்கி, ‘இன்று’ என்பதை ‘அன்று’ ஆக்கி, ‘நாளை’ என்பதை ‘மறுநாள்’ ஆக்கினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பயிற்சியில் வாக்கியம் ஏற்கெனவே பிரித்து, குறியிட்டுக் கொடுக்கப்பட்டிருக்கும். பேச்சு எங்கே தொடங்குகிறது என்று தேடும் வேலை பிள்ளைக்கு வருவதே இல்லை. பின்னால் நடந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மெய்ப்புத் தாளில் வந்த சிக்கல்

ஒரு மாணவியின் அப்பத்தா, ஒரு பெரிய வீட்டில் பல வருடம் சமையலுக்கு இருந்தவர். அந்த வீட்டுக் கல்யாணத்தில் பெட்டகச் சாவி காணாமல்போன கதையைச் சொல்லியிருக்கிறார். மாணவி அதை அம்மாவின் கைபேசியில் பேசிப் பதிந்து, அப்படியே எழுத்தாக்கி, நோட்டில் பார்த்து எழுதிக் கொண்டுவந்தாள். கைபேசி பேச்சை எழுத்தாக்கும்போது குறி எதுவும் போட்டிருக்கவில்லை. நோட்டில் இருந்தது இது (வளவு என்பது பெரிய வீட்டின் உள்முற்றப் பகுதி, முந்தி என்பது சேலைத் தலைப்பு):

அப்பத்தா சொன்னார் அன்றைக்குக் கல்யாண வீட்டில் பெட்டகச் சாவியைக் காணவில்லை எல்லாரும் தேடினாக வளவெல்லாம் தேடியாச்சு பெரிய ஆச்சி வந்தாக யாரும் தேடாதீக நான்தான் எடுத்து முந்தியில் முடிஞ்சு வச்சிருந்தேன் மறந்துபோச்சு என்று அப்பத்தா சொன்னார்.

மலர்க் குழுவில் பிழை திருத்தியவர் நல்ல எண்ணத்தோடு இதைச் சீராக்கினார். வாக்கியங்களைப் பிரித்தார், பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கினார், மேற்கோள் குறி போட்டார். டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) கடையிலிருந்து வந்த மெய்ப்பில், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்க வரும் தாளில், இப்படி இருந்தது:

அன்றைக்குக் கல்யாண வீட்டில் பெட்டகச் சாவியைக் காணவில்லை. எல்லாரும் தேடினார்கள். வளவெல்லாம் தேடியாச்சு. பெரிய ஆச்சி வந்தார். “யாரும் தேடாதீர்கள். நான்தான் எடுத்து முந்தியில் முடிந்து வைத்திருந்தேன். மறந்துபோச்சு” என்று அப்பத்தா சொன்னார்.

குறிகளில் ஒரு பிழையும் இல்லை. தொடக்கக் குறி, முடிவுக் குறி, ‘என்று’, முற்றுப்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஆனால் சாவியை எடுத்தவர் மாறிவிட்டார்.

மாணவி மெய்ப்புத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். “நான் எங்கத்தா எடுத்தேன்? பெரிய ஆச்சில்ல எடுத்தாக!” என்று அவர் பதறியிருக்கிறார். மறுநாள் மாணவி தாளோடு வந்து, கதையையே எடுத்துவிடும்படி கேட்டாள். இன்னொருவர் வீட்டில் வேலை செய்தவருக்குப் பெட்டகச் சாவி என்பது விளையாட்டு விஷயமல்ல. அந்த வீட்டுக்காரர்கள் கையிலும் மலர் போய்ச் சேரும் என்பது அப்பத்தாவுக்குத் தெரியும்.

எல்லாத் தாள்களையும் எடுத்துப் பார்த்தபோது

அந்த ஒரு கதையைத் திருத்தி அனுப்பியிருக்கலாம். ஆனால் திருத்தியவர் ஏன் அப்படிப் புரிந்துகொண்டார் என்று பார்த்தால், குற்றம் அவருடையதும் அல்ல, மாணவியுடையதும் அல்ல. அதனால் மற்றக் கதைகளின் மூலத் தாள்களையும் எடுத்துப் பார்த்தோம்.

தமிழில் பேச்சின் முடிவைச் சொல்ல மொழியிலேயே ஏற்பாடு இருக்கிறது. ‘என்று’, ‘என’, ‘என்றார்’, பேச்சில் ‘-ன்னு’, இவற்றில் ஒன்று வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. குறி போடாவிட்டாலும் வாசகர் தடுமாறுவதில்லை. தொடக்கத்தைச் சொல்ல அப்படி ஒரு சொல் இல்லை. நேரில் கதை சொல்கிறவர் அந்த வேலையைக் குரலால் செய்கிறார். அப்பத்தா பெரிய ஆச்சியாகப் பேசும்போது குரலை இறக்கி, கொஞ்சம் இழுத்துப் பேசியிருப்பார். குரல் நோட்டுக்கு வரவில்லை.

இந்தக் கதையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பெரிய ஆச்சியின் பேச்சும், அதை உள்ளடக்கிய அப்பத்தாவின் பேச்சும் ஒரே இடத்தில் முடிகின்றன. இரண்டு முடிவுக்கு இரண்டு ‘என்று’ வேண்டும். பேச்சில் அப்பத்தா ஒன்றை விழுங்கிவிட்டார். கேட்டவளுக்கு அது தேவைப்படவில்லை. மாணவி போட்ட ‘என்று அப்பத்தா சொன்னார்’ வெளிப்பேச்சுக்கு உரியது. திருத்தியவர் அதை உள்பேச்சுக்குக் கொடுத்துவிட்டார். கதையைக் காதால் கேட்காத எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

மற்றத் தாள்களிலும் தொடக்கம்தான் தொலைந்திருந்தது. முடிவில் ஒரு குறி போட்டுவிட்டுத் தொடக்கக் குறியை விட்டவர்கள் பலர். ‘என்று’ கண்ணில் பட்டதும் குறி போட வேண்டும் என்ற நினைவு வந்திருக்கிறது, அதற்குள் தொடக்கம் நாலு வரி மேலே போய்விட்டது. சிலர் நாடக வடிவத்தைக் கலந்திருந்தார்கள்: கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ‘தாத்தா:’ என்று முக்காற்புள்ளி வந்து வசனம் தொடங்கும். ‘வரேன்னு என்று சொன்னான்’ என்று முடிவை இரண்டு தடவை போட்டவர்களும் உண்டு. ‘தான் நாளை வருவதாக’ என்பதை மேற்கோளுக்குள் போட்டு, நேர்கூற்றையும் அயற்கூற்றையும் ஒட்டவைத்த தாளும் ஒன்று இருந்தது. ‘என்றுக் கேட்டார்’ என்ற ஒற்றுப்பிழை ஏறக்குறைய எல்லாரிடமும். ‘எனக் கேட்டார்’ என்பதில் க் மிகும், ‘என்று கேட்டார்’ என்பதில் மிகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

எனக்குக் கவலை தந்தது இவை எதுவும் அல்ல. கட்டுரை நோட்டுகளில் நன்றாக எழுதும் பிள்ளைகள் பலர் கதையில் பேச்சே வைக்கவில்லை. ‘தாத்தா கோபப்பட்டார்’, ‘பாட்டி சமாதானம் செய்தார்’ என்று கடந்து போயிருந்தார்கள். ஏன் என்று தமிழாசிரியை கேட்டதற்கு ஒரு பையன், “குறி விட்டா மார்க் போகும் டீச்சர்” என்றான். முந்தைய வகுப்புகளில் விடுபட்ட ஒவ்வொரு குறிக்கும் சிவப்பு மை விழுந்திருக்கிறது. பேச்சை எழுதாமல் இருப்பதே பத்திரம் என்று பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

என்ன செய்யலாம் என்று பேசியது

ஆசிரியர் அறையில் நான்கு யோசனைகள் வந்தன.

எல்லாவற்றையும் அயற்கூற்றாக்கிவிடலாம் என்பது முதலாவது. ‘தான்தான் எடுத்து முந்தியில் முடிந்து வைத்திருந்ததாகப் பெரிய ஆச்சி சொன்னார்.’ குழப்பத்துக்கு இடமே இல்லை. ‘தான்’ என்ற சொல் எடுத்தவரையும் சொன்னவரையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஆனால் ஆச்சி பேசிய பேச்சு போய்விடுகிறது. பெரியவர்களின் பேச்சைப் பதிவதற்காகத்தான் இந்த வேலையே தொடங்கியது.

நாடக வடிவம் இரண்டாவது. யார் பேசுகிறார் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். ஆனால் வளவில் நடந்த தேடல், வந்து நின்ற ஆச்சி எல்லாம் அடைப்புக்குறிக்குள் போய்விடும்.

மூன்றாவதை ஓர் இளம் ஆசிரியர் சொன்னார்: இப்போது எழுதுகிற சிலர் மேற்கோள் குறியே போடாமல் எழுதுகிறார்களே, நாமும் விட்டுவிட்டால் என்ன? அப்படி எழுதுகிறவர்கள் பேச்சின் எல்லையை வாக்கிய அமைப்பாலேயே காட்டிவிடுவார்கள்; அந்தப் பயிற்சி இல்லாத பிள்ளைக்கு அது கூடுதல் சுமை. அடுத்த வருடம் 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு வேறு. அதைத் தள்ளிவைத்தோம்.

நான்காவதுதான் வழக்கமானது: மேற்கோள் குறி, ஆள் மாறும்போது புதிய பத்தி.

மூத்த தமிழையா குறிகள் மேலேயே கொஞ்சம் சலிப்போடு இருந்தார். “ஓலைச்சுவடியில ஏதய்யா மேற்கோள் குறி? எழுத்தாணி குத்தினா ஓலை கிழியும்னு புள்ளியையே விட்டுட்டு எழுதினாங்க. படிச்சவன் படிச்சான்” என்றார். அவர் சொன்னது சரிதான். உரைநடையில் நிறுத்தக்குறிகள் அச்சோடு வந்தவை. அவற்றை முறையாகக் கையாண்டவர் என்று 19ஆம் நூற்றாண்டின் ஆறுமுக நாவலரைத்தான் எல்லாரும் சுட்டுவார்கள். அதற்கு முன் உரையாசிரியர்கள் ‘என்க’, ‘என்றவாறு’ போன்ற சொற்களாலேயே கூற்றை முடித்துக் காட்டினார்கள்.

அப்புறம் அவர் காரைக்குடிக்காரர் எவரும் போய்ச் சேரும் இடத்துக்குப் போனார்: கம்பன். 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா இந்தப் பகுதிப் பள்ளிகளுக்குப் பழக்கமானது; பாட்டு ஒப்பிக்கும் பிள்ளைகள் எங்கள் பள்ளியிலும் உண்டு. சீதையைப் பார்த்துவிட்டு வந்த அனுமன் இராமனிடம் பேசும் பாட்டை எடுத்துக்காட்டினார். அது ‘கண்டனென்’ என்று நேரே பேச்சில் தொடங்குகிறது. பேசுகிறவர் யார் என்பது கடைசியில்தான் வருகிறது: ‘என்று அனுமன் பன்னுவான்’. குறி இல்லாமலே எவ்வளவு தெளிவு என்பது அவர் வாதம்.

தமிழாசிரியை அதையே திருப்பிப் பிடித்தார். அங்கே தெளிவு வருவதற்குக் காரணம், பாட்டின் முதல் சொல்லே பேச்சின் முதல் சொல்லாக இருப்பதுதான். தொடக்கத்தைத் தேட வேண்டியதில்லை, பாட்டு எங்கே தொடங்குகிறதோ அங்கே பேச்சும் தொடங்குகிறது. உரைநடையில் அந்த இடம் பத்தியின் தொடக்கம். பேச்சைப் பத்தியின் முதலில் வைத்து, பேசியவரைப் பின்னால் வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது என்றார். மூத்த ஐயா ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது; மறுக்கவும் இல்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் குரல், அடுத்து வரி, கடைசியில்தான் குறி. இந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்று முடிவானது. குறியிலிருந்து தொடங்கினால் பிள்ளை ‘என்று’ எங்கே என்று தேடும். குரலிலிருந்து தொடங்கினால் ஆள் எங்கே மாறுகிறார் என்று தேடும்.

பேச்சு பத்தியின் முதலில், பேசியவர் பின்னால்: “...” என்றார் பெரிய ஆச்சி. பாடப்புத்தகத்தில் பழகிய ‘பெரிய ஆச்சி, “...” என்றார்’ என்ற வடிவம் தவறல்ல. ஆனால் அதில் தொடக்கக் குறி வரியின் நடுவில் விழுகிறது, விட்டுப்போவதும் அங்கேதான். அதனால் இந்தக் கதைகளுக்கு மட்டும் முதல் வடிவம்.

மேற்கோளுக்குள் ஊர்ப் பேச்சு இருக்கலாம், வெளியே எழுத்துத் தமிழ். இதற்கு எதிர்ப்பு இருந்தது. ‘தேடாதீக’, ‘வந்தாக’ எல்லாம் தேர்வுத் தாளில் கொச்சை என்று அடிபடும் என்றார் ஒருவர். மலர் தேர்வுத் தாள் அல்ல என்பதால் அனுமதிப்பது, தேர்வில் என்ன செய்வது என்பதைத் தனியாகப் பேசுவது என்று விட்டோம்.

இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். அப்பத்தா சொல்ல, அதற்குள் ஆச்சி சொல்ல, அதற்குள் இன்னொருவர் சொன்னது என்று போனால், வெளி அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். கதை முழுவதையும் அப்பத்தா சொல்கிறார் என்பதை முதல் பத்தியில் சொல்லிவிட்டால், அதற்கு மேற்கோள் தேவையில்லை. பேச்சுக்குள் பேச்சு வந்தால் மட்டும் இரட்டைக்குள் ஒற்றை.

காற்புள்ளி விஷயத்தில் ஆங்கில ஆசிரியரோடு உட்கார வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் பேச்சு முடிந்து ‘அவன் சொன்னான்’ என்று தொடர்ந்தால் முடிவுக் குறிக்குள்ளேயே காற்புள்ளி வரும். அதைப் பிள்ளைகள் அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து, “வருகிறேன்,” என்றான் என எழுதுகிறார்கள். தமிழ்ப் புத்தகங்களிலும் இரண்டு வழக்கமும் இருக்கின்றன. மலருக்கு ஒரே வழக்கம் வேண்டும் என்பதால் காற்புள்ளியை விட்டோம்: வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் உள்ளே, கடைசி முற்றுப்புள்ளி ‘என்றார்’ முடிந்த பிறகு. ஆங்கில வகுப்பில் ஆங்கில விதி அப்படியே இருக்கும். இரண்டு மொழிக்கும் இரண்டு விதி என்பதை ஆங்கில ஆசிரியரே தன் வகுப்பில் சொன்னது, நாங்கள் சொன்னதைவிட நன்றாகப் பதிந்தது.

வகுப்பில் நடந்தது

மாணவியின் அனுமதியோடு அவள் பத்தியையே எடுத்துக்கொண்டார்கள். அப்பத்தாவின் பெயரோ வீட்டின் பெயரோ சொல்லவில்லை. ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பேசுகிற ஆள் மாறிவிட்டார் என்று தோன்றும் இடத்தில் கை தட்ட வேண்டும். தட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சாய்கோடு.

முதல் தடவை வாசித்தவள் ஒரே குரலில் வாசித்தாள். யாரும் எங்கும் தட்டவில்லை. கதையை எழுதிய மாணவியே வாசித்தபோது, ‘யாரும் தேடாதீக’ என்ற இடத்தில் வகுப்பே தட்டியது. அவளுக்கு அப்பத்தாவின் குரல் நினைவிருந்தது. இதுவரை எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது ‘வளவெல்லாம் தேடியாச்சு’ என்ற இடத்தில் வந்தது. பாதிப் பேர் தட்டினார்கள், பாதிப் பேர் தட்டவில்லை. தட்டாதவர்கள், அது அப்பத்தா கதையைச் சொல்லும் வாக்கியம் என்றார்கள். தட்டியவர்கள், ‘தேடினாக’ என்று சொல்லிவிட்டு உடனே ‘தேடியாச்சு’ என்று ஏன் சொல்ல வேண்டும், தேடினவர் யாரோ வந்து சொல்கிறார் என்றார்கள். இரண்டும் பொருந்துகிறது. கடையிலிருந்து வந்த மெய்ப்பில் இது கதை வாக்கியமாகத்தான் நின்றது, நாங்கள் யாரும் அதைச் சந்தேகிக்கவே இல்லை. தமிழாசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை. எழுத்தில் விடை இல்லை, சொன்னவரிடம்தான் கேட்க வேண்டும் என்று நிறுத்திவிட்டார்.

அப்பத்தாவின் பதில் மறுநாள் வந்தது. அதைச் சொன்னவர் அந்த வீட்டுக் கணக்கப்பிள்ளை. வளவெல்லாம் தேடியாச்சு, இனி வேலைக்காரர்களைத்தான் விசாரிக்க வேண்டும் என்ற தோரணையில் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில்தான் பெரிய ஆச்சி வந்து, யாரும் தேடாதீக என்று நிறுத்தியிருக்கிறார். குறி இல்லாத ஒரு வாக்கியத்துக்குள் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்திருக்கிறார், கதையின் முடிச்சே அவரிடம்தான் இருந்திருக்கிறது. அப்பத்தா ஏன் இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சாவியை நினைவு வைத்திருக்கிறார், மெய்ப்பைக் கேட்டு ஏன் அப்படிப் பதறினார் என்பதும் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

கடைசியில் அச்சான வடிவம்:

எல்லாரும் தேடினார்கள்.

“வளவெல்லாம் தேடியாச்சு” என்றார் கணக்கப்பிள்ளை. சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

அப்போது பெரிய ஆச்சி வந்தார்.

“யாரும் தேடாதீக. நான்தான் எடுத்து முந்தியில முடிஞ்சு வச்சிருந்தேன். மறந்துபோச்சு” என்றார்.

அடுப்படிப் பக்கம் பார்த்தது மாணவி சேர்த்த வரி. அப்பத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தாள்.

மற்றப் பிள்ளைகளும் தங்கள் கதைகளை இதே முறையில் இருவர் இருவராக வாசித்துக் கோடு போட்டார்கள். இரைச்சல் அதிகம், பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது. வேப்பமரத்தடிக்குப் போய்விட்டோம்.

அச்சு வேலை

ஆள் மாறும்போதெல்லாம் புதிய பத்தி என்றால் பக்கம் கூடும். டி.டி.பி. செய்தவர் இடத்தை மிச்சப்படுத்தப் பத்திகளை ஒட்டிவிட்டார். இரண்டு பேர் பேச்சும் ஒரே பத்தியில் நின்றது. மலரின் பக்கக் கணக்கைத் தாண்ட முடியாது என்பதும் உண்மை. பத்தியை ஒட்டுவதற்குப் பதிலாக, கதைகளின் முன்னுரைகளை வெட்டினோம். ‘இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் ஊரில்’ என்று தொடங்கும் பத்தி பல கதைகளில் இருந்தது. எடுத்ததில் எந்தக் கதைக்கும் நஷ்டம் இல்லை.

மேற்கோள் குறிகள் சில இடங்களில் தலைகீழாக வந்தன. காரணம் எளிது. பக்க அமைப்பு மென்பொருள்கள் நேர்க்குறியை வளைந்த குறியாக மாற்றும்போது, அதற்கு முன் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தே திசையை முடிவு செய்கின்றன. முன்னால் இடைவெளி இருந்தால் தொடக்கக் குறி, இல்லாவிட்டால் முடிவுக் குறி. பிள்ளைகள் கைபேசியில் தட்டச்சு செய்யும்போது கடைசிச் சொல்லுக்கும் முடிவுக் குறிக்கும் இடையில் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த இடங்களில் எல்லாம் முடிவில் தொடக்கக் குறி விழுந்தது. இடைவெளிகளைத் தேடி எடுத்ததும் சரியாகிவிட்டது. சிறிய எழுத்தில் ஒற்றை மேற்கோள் கண்ணுக்குத் தெரியாமல் போவதும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு அடுக்கோடு நிறுத்தியது நல்லதாயிற்று.

என்ன விளைந்தது

மாணவியின் கதை மலரில் வந்தது. அப்பத்தா அச்சுக்கு முன் ஒரு தடவை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, “இப்ப சரி” என்றாராம். அந்த வீட்டுக்காரர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை, நல்லதாகவோ கெட்டதாகவோ.

அடுத்து எழுதிய கதைகளில் தொடக்கக் குறி பெரும்பாலும் இருந்தது. முடிவுக் குறி இன்னும் அங்கங்கே விட்டுப்போகிறது. அதற்காக மதிப்பெண் குறைப்பதைத் தமிழாசிரியை நிறுத்திவிட்டார். ‘என்றார்’ இருந்தால் வாசகருக்கு நஷ்டமில்லை, பென்சிலால் ஒரு வட்டம் போதும் என்பது அவர் வாதம். என் கருத்தும் அதுவே. மூத்த ஐயா இதை ஏற்கவில்லை. குறி வேண்டாம் என்று சொன்னவரே, போட்டால் முழுசாகப் போட வேண்டும் என்று நிற்கிறார். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

பேச்சை ஒதுக்கியவர்கள் பேச்சை எழுதத் தொடங்கினார்கள். இதற்குக் குறியைவிட ஊர்ப் பேச்சை அனுமதித்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். மேற்கோளுக்குள் வீட்டில் பேசுவதுபோல் எழுதலாம் என்று தெரிந்ததும், குறி போட பிள்ளைகளுக்கே ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ‘போனாக’ என்று எழுத ஆசைப்பட்டால் இரண்டு பக்கமும் குறி இருந்தாக வேண்டும்.

பக்கவிளைவுகளும் இருந்தன. எல்லாக் கதைகளிலும் எல்லாப் பத்தியும் ‘என்றார்’, ‘என்றாள்’ என்று முடிந்து, வாசிக்கச் சலிப்பாக ஆகிவிட்டது. இருவர் மட்டும் பேசும்போது அதை விட்டுவிடலாம் என்று சொன்னோம். உடனே சிலர் முழுப் பக்கத்துக்கு ஒரு பெயரும் இல்லாமல் எழுதினார்கள், யார் பேசுகிறார் என்று விரல் விட்டு எண்ண வேண்டியதாயிற்று. நாலைந்து பேச்சுக்கு ஒரு தடவையாவது பெயரோ ஒரு செயலோ வர வேண்டும் என்று அப்புறம் சேர்த்தோம். ஒரு பையனுக்குக் குறியின் மேல் ஆசை வந்து, கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் என்று தின்பண்டங்களையெல்லாம் இரட்டை மேற்கோளுக்குள் வைத்தான். அது இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அரையாண்டுத் தேர்வில் கதை எழுதும் வினாவுக்குச் சிலர் மேற்கோளுக்குள் பேச்சு வழக்கில் எழுதினார்கள். ஒரு பிரிவைத் திருத்தியவர் மதிப்பெண் கொடுத்தார், இன்னொரு பிரிவைத் திருத்தியவர் குறைத்தார். பிள்ளைகள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒரே பதில் இல்லை.

அடுத்த மலருக்கு மாற்றுபவை

கதை சொன்ன பெரியவரின் குரல் பதிவை, மலர் வெளிவரும் வரை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். எழுத்தில் ஐயம் வந்தால் முதலில் பதிவைக் கேட்பது.

பிழை திருத்துகிறவர் மேற்கோள் குறியைத் தானாகச் சேர்க்கக் கூடாது. ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை திருத்தலாம். பேச்சின் எல்லையை எழுதியவரே குறிக்க வேண்டும். ஐயமான இடத்தில் ஓரத்தில் ஒரு வினாக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவது.

மெய்ப்பு சொன்னவர் வீட்டுக்குப் போய், வாசித்துக் காட்டப்பட்ட பிறகே அச்சுக்குப் போகும். இந்த முறை அது தற்செயலாக நடந்தது. மாணவி தானாகத் தாளை எடுத்துப் போகாவிட்டால் பழைய வடிவமே அச்சாகியிருக்கும். இனி மெய்ப்பில் மாணவரும் பெரியவரும் கையெழுத்திட ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு ரேகை.

கைதட்டும் பயிற்சியை 6ஆம் வகுப்பிலேயே தொடங்கலாம் என்று தமிழாசிரியை சொல்கிறார். அந்த வயதில் பிள்ளைகள் கூச்சமில்லாமல் குரல் மாற்றி வாசிப்பார்கள், 9ஆம் வகுப்பில் பையன்கள் முதல் இரண்டு வகுப்பும் சிரித்தே கழித்தார்கள்.

தேர்வுத் தாளில் மேற்கோளுக்குள் பேச்சு வழக்குக்கு மதிப்பெண் உண்டா என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே மொழி ஆசிரியர்கள் உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். பொதுத்தேர்வில் யார் திருத்துவார் என்று நமக்குத் தெரியாது. அதனால் 10ஆம் வகுப்புக்கு மட்டும் எழுத்துத் தமிழ், கீழ் வகுப்புகளுக்கு இரண்டும் என்று ஒரு யோசனை இருக்கிறது. கூட்டம் இன்னும் நடக்கவில்லை.